பெயர் பொறித்த கிட்டார்



இங்கே பாதிப் பேர் தோளில் கிட்டார் பையோடு வந்திருக்கிறீர்கள். மீதிப் பேர் அந்தப் பைக்குள் இருப்பதற்குப் பணம் கட்டியவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகையால் சுற்றி வளைக்காமல் காசு விஷயத்துக்கே வருகிறேன். எரிக் கிளாப்டன், ஜான் மேயர், ஸ்டீவ் வாய் என்று புகழ்பெற்ற ஒருவரின் பெயரைத் தாங்கி வரும் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கடையில் சிக்னேச்சர் மாடல் என்கிறார்கள். அதே கம்பெனியின் சாதாரண கிட்டாரைவிட அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கலைஞர் கருவியில் உண்மையாகவே எதையாவது மாற்றியிருந்து, அந்த மாற்றம் உங்கள் கைக்கும் உதவுமானால், கொடுக்கலாம். பெயரை மட்டும் தந்திருந்தால் வேண்டாம். அவருடைய கிட்டாரில் விழுந்த கீறல்களை நகலெடுத்து விற்கிறார்கள் என்றால் அது இசைக்கருவி வியாபாரமே அல்ல, வேறு வியாபாரம். ஆனால் ஒரு மாடலைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் அவர் செய்தது எது, கம்பெனி செய்தது எது, தானாக நேர்ந்தது எது என்று பிரிக்கப் போனால் அது அவ்வளவு லேசில் பிரிவதில்லை.

உலகம் முழுக்கத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்கலாம். கிப்சன் லெஸ் பால். அதில் லெஸ் பால் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே கிட்டார் வாசிக்கும் பலருக்குத் தெரியாது. 1915-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து 94 வயது வரை வாழ்ந்த கிட்டார்க் கலைஞர் அவர். ஒலியின் மேல் ஒலியை அடுக்கிப் பதிவு செய்யும் முறைக்கு முன்னோடி. 1940 வாக்கிலேயே ஒரு மரக்கட்டையில் தந்தியும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் பூட்டி வாசித்துப் பார்த்தவர். பார்க்கிறவர்களுக்குக் கிட்டார் மாதிரி தெரியட்டுமே என்று ஒரு பழைய கிட்டாரை இரண்டாக அறுத்து, அந்தக் கட்டையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டார். கிப்சன் கம்பெனி அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. ஃபெண்டர் கம்பெனி 1950-இல் உள்ளீடற்ற குடம் இல்லாத, முழுக் கட்டையிலான கிட்டாரை விற்கத் தொடங்கிய பிறகுதான் கிப்சனுக்கு அவர் நினைவு வந்தது. 1952-இல் பொன்னிறத்தில் லெஸ் பால் மாடல் வெளிவந்தது.

அதில் லெஸ் பாலின் பங்கு எவ்வளவு? அப்போது கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி, வடிவமைப்பெல்லாம் எங்கள் வேலை என்றே பிற்காலத்தில் சொல்லிவந்தார். லெஸ் பால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சர்ச்சை இன்றுவரை தீரவில்லை. ஆனால் ஒரு பாகம் அவருடையது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. தந்திகளைக் கீழ்முனையில் இழுத்துப் பிடிக்கும் உலோகச் சட்டம் அது. முதல் ஆண்டு கிட்டார்களில் மோசமான பாகம் எது என்று கேட்டாலும் அதையே காட்டுவார்கள். கழுத்தின் சாய்வு போதாததால், தந்திகளைச் சட்டத்துக்கு மேலாகக் கொண்டுபோக முடியாமல் அடியில் சுற்றிக் கட்டினார்கள். உள்ளங்கையைத் தந்தியின்மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கிப்சன் அதைத் தூக்கிவிட்டு தந்திகளைத் தாங்க வேறு பிரிட்ஜ் போட்டது. பெயருக்குரியவரின் கைவேலை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே பாகம் முதலில் கழன்று விழுந்தது. கிட்டாருக்குப் பெருமை சேர்த்த இரட்டைச் சுருள் பிக்கப் 1957-இல் வந்தது. அது சேத் லவர் என்ற கிப்சன் பொறியாளரின் வேலை. அவர் பெயரைத் தாங்கிய லெஸ் பால் எதையும் எந்த ரசிகரும் சுவரில் மாட்டி வைத்ததில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் சின்ன வேடிக்கை என்று விட்டுவிடலாம். 1958 முதல் 1960 வரை சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசிய லெஸ் பால்கள் செய்தார்கள். சுமார் 1,500 செய்திருப்பார்கள் என்பது பொதுவான கணிப்பு. விற்பனை படுத்தது. 1961-இல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டு, மெலிந்து கொம்பு முளைத்த வேறொரு கிட்டாருக்கு லெஸ் பால் பெயரை வைத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் பெயரும் போயிற்று. இதற்குள் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர், கைவிடப்பட்ட அந்தப் பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஆம்ப்பில் சொருகி, முழு ஒலியில் அலறவிட்டு, ஜான் மேயாலின் குழுவோடு 1966-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். எல்லோரும் அந்தக் கிட்டாரைத் தேடி அலைந்தார்கள். 1968-இல் கிப்சன் அதை மறுபடி செய்யத் தொடங்கியது. ஆக, லெஸ் பால் பெயரை விற்றுக்கொடுத்தவர் கிளாப்டன். லெஸ் பாலுக்கு அப்படி அலறும் ஒலியில் நாட்டமே கிடையாது. அவர் தேடியது தெளிவான, சுத்தமான ஒலி. அதற்காகவே தன் விருப்பப்படி குறைந்த மின்மறுப்புள்ள பிக்கப்புகள் வைத்து, ஏராளமான பொத்தான்களோடு, லெஸ் பால் ரெக்கார்டிங் என்ற மாடலை 1971-இல் வரவைத்தார். அவருடைய மூளை முழுசாக இருந்த கிட்டார் அதுதான். அதை யாரும் சீந்தவில்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், பெயர் வேறு, யோசனை வேறு, ஒலி வேறு என்பது ஒரே கிட்டாரில் இவ்வளவு பச்சையாகத் தெரிவது வேறு எங்கும் இல்லை.

சரி, ஒலி எங்கிருந்துதான் வருகிறது? பெட்டி வைத்த சாதாரண கிட்டாரில் மேற்பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அங்கே மரம் உயிர்நாடி. எலெக்ட்ரிக் கிட்டாரில் நடப்பது வேறு. பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. காந்தம் கேட்பது தந்தியை. நாஷ்வில் நகரத்துக் கிட்டார்க் கலைஞர் ஜிம் லில் ஒரு சோதனை செய்து காட்டினார். தன்னுடைய விலையுயர்ந்த கிட்டாரின் ஒலியைப் பதிவு செய்துகொண்டு, பிறகு உடலே இல்லாமல், இரண்டு மேசைகளுக்கு நடுவே வெறும் தந்திகளை இழுத்துக் கட்டி, அதே பிக்கப்பை அதே உயரத்தில் வைத்து வாசித்தார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. எடை, சமநிலை, கையில் உணரும் அதிர்வு எல்லாம் வாசிப்பவரைப் பாதிக்கும். ஆனால் பிக்கப், அது எங்கே எந்த உயரத்தில் இருக்கிறது, தந்தி, ஆம்ப், ஸ்பீக்கர், விரல் ஆகியவற்றுக்குப் பிறகுதான் மரத்தின் முறை. விளம்பரத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எந்த சிக்னேச்சர் மாடலையும் எடைபோடலாம். ஃபெண்டர் 1988-இல் வெளியிட்ட எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் முதல் சிக்னேச்சர் மாடல் அதுதான். கிளாப்டன் கேட்டவை தெளிவாக இருந்தன. கழுத்தின் பின்பக்கம் மெதுவாகக் கூம்பியிருக்க வேண்டும். இரைச்சல் இல்லாத பிக்கப் வேண்டும். நடுத்தர அதிர்வெண்களை 25 டெசிபல் வரை தூக்கிவிடும் சிறு மின்சுற்று வேண்டும்; அதற்கு உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. சுருதியை அசைக்கும் ட்ரெமோலோவை அவர் பயன்படுத்துவதே இல்லை, ஆகவே அசையாமல் கட்டைவைத்து அடைத்துவிட வேண்டும். ஸ்ட்ராட்டின் மெல்லிய குரலிலிருந்து, பொத்தானைத் திருப்பினால் லெஸ் பால் மாதிரியான கனத்த குரலுக்கு மேடையிலேயே தாண்டிவிடலாம். இந்த வசதி வேண்டும் என்பவருக்கு இந்தக் கிட்டார் தகும், கிளாப்டனின் ஒரு பாட்டுக்கூடத் தெரியாதவருக்கும் தகும். நான் பரிந்துரைக்கும் சில மாடல்களில் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு ஃபெண்டர் வெளியிட்ட இன்வே மால்ம்ஸ்டீன் மாடலில் விரல்பலகையில் பதித்த ஃப்ரெட் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். விரல் நுனி மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் தொடும். அவருடைய மின்னல் வேகத்துக்கும் பெரிய அசைவுகளுக்கும் அது பொருந்தும். அழுத்திப் பிடித்துப் பழகிய கை அதில் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் ஏறிப் பேசும். இங்கேயும் யோசனை உண்மையானது. ஆனால் அது அவர் விரலுக்கு வெட்டியது. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள் என்று நான் சொல்வது எல்லாக் கிட்டாருக்கும்தான் என்றாலும், இந்த மாதிரிக் கிட்டாருக்கு அது கட்டாயம்.

இனி கீறல்களுக்கு வருவோம்.

கிளாப்டன் 1970-இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டுகளைக் கூட்டமாக வாங்கினார். அப்போது அவை யாருக்கும் வேண்டாத பழைய சாமான்கள். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். அதுதான் பிளாக்கி. 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. பணம் அவர் தொடங்கிய போதை மீட்பு மையத்துக்கு. ஏலத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த மரத்துண்டில் ஒரு வாழ்க்கை ஒட்டியிருக்கிறது. ஆனால் இரண்டாண்டு கழித்து ஃபெண்டர் அதன் நகல்கள் 275 செய்தது. சிகரெட் சூட்டுத் தழும்பு முதல் சாயம் உரிந்த இடம் வரை அப்படியே. விலை 24,000 டாலர்.

எடி வான் ஹேலனின் ஃபிராங்கன்ஸ்டைன் இதைவிடச் சுவையானது. 50 டாலருக்குக் கழிவு விலையில் வாங்கிய உடல், 80 டாலர் கழுத்து, வேறொரு கிட்டாரிலிருந்து பிடுங்கிய பிக்கப். சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்ட்டை எடுத்து, டேப் ஒட்டி ஒட்டிக் கோடு போட்டார். கடையில் கிடைக்கும் எந்தக் கிட்டாரும் தான் நினைத்ததைச் செய்யவில்லை, நினைத்ததைச் செய்யும் கிட்டாரை வாங்கக் கையில் காசும் இல்லை என்பதால் பிறந்தது அது. ட்ரெமோலோ மேலே தூக்கிக்கொள்ளாமல் இருக்க, கையில் கிடைத்த கால் டாலர் நாணயம் ஒன்றை அடியில் திருகி வைத்தார். 2007-இல் ஃபெண்டர் அதை 300 நகலெடுத்து 25,000 டாலருக்கு விற்றது. நகலிலும் நாணயம் உண்டு. 1971-ஆம் ஆண்டு அச்சடித்த கால் டாலர்களைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். ஏனென்றால் எடியின் நாணயம் 1971.

இதை வாங்குவது குற்றமில்லை. சேகரிப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் 130 டாலர் மரத்தில் ஒருவர் செய்த தைரியத்தை, அதன் விளைவாக விழுந்த கீறல்களின் படத்தை வைத்து 25,000 டாலருக்கு விற்கும்போது, அதில் இல்லாமல் போவது அந்தத் தைரியம் மட்டுமே. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் விஷயத்தில் ஃபெண்டர் 1997-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி இடக்கையால் வாசித்தவர் அவர். அதனால், வலக்கைக்காரர் வாசிக்கும்படி இடக்கைக் கிட்டாரில் தந்தி பூட்டி, தலைப்பகுதியில் கம்பெனிப் பெயரையும் இடவலம் மாற்றி அச்சடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி முன்னால் நின்றால் எழுத்து நேராகத் தெரியும், நீங்கள் ஹென்ட்ரிக்ஸ் மாதிரி தெரிவீர்கள். கண்ணாடிக்கு விலை தனி. ஆனாலும் அந்தத் தலைகீழ்ப் பூட்டில் ஒரு காரியம் இருந்தது. பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப்பின் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்புவதால் கனத்த தந்திகள் கொஞ்சம் கூர்மையாகவும், மெல்லிய தந்திகள் கொஞ்சம் இதமாகவும் ஒலிக்கும். பின்னாளில் மெக்சிகோவில் செய்த ஹென்ட்ரிக்ஸ் மாடலில், அதிக ஆரவாரமில்லாமல், அந்தச் சாய்வை எடுத்துவைத்தார்கள். நான் வாங்குவதென்றால் அதை வாங்குவேன்.

யோசனையையும் கீறலையும் பிரித்துக் காட்ட இன்னொரு நல்ல சாட்சி, கிரீனி. ஃபிளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால். அதன் ஒரு பிக்கப்பில் காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்றின் அலை மற்றொன்றை வெட்டி, மெலிந்து ஏங்கும் ஒரு தனி ஒலி வந்தது. கிரீனுக்குப் பிறகு கேரி மூர், 2014 முதல் மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட் என்று அது கைமாறியது. 2023-இல் ஹேமட்டின் பெயரோடு அதன் நகல்கள் பல விலைகளில் வந்தன. கிப்சனின் துணைக் கம்பெனியான எபிஃபோன் செய்தது 1,499 டாலர். கிப்சனே அமெரிக்காவில் செய்தது 3,199. கைவினைப் பட்டறையில் பழசாக்கிக் கொடுத்தது அதற்கும் பல மடங்கு மேலே. மூன்றிலும் அந்த ஒலி இருக்கிறது, ஏனென்றால் மூன்றிலும் ஒரு பிக்கப் எதிர்த் திசையில் இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இரட்டைச் சுருள் பிக்கப் இரண்டு உள்ள கிட்டார் இருந்தால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஒரு காந்தத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை.

விலைவித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். ஜான் மேயருக்காக பி.ஆர்.எஸ். கம்பெனி 2018-இல் சில்வர் ஸ்கை என்ற கிட்டாரை 2,299 டாலருக்கு வெளியிட்டது. அறுபதுகளின் ஸ்ட்ராட்டை அச்சாக நினைவுபடுத்துகிறது என்று சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள். 2022-இல் இந்தோனேசியாவில் செய்த எஸ்.இ. சில்வர் ஸ்கை வந்தது, 849 டாலருக்கு. நம் பணத்தில் ஒன்று ஏறத்தாழ இரண்டு லட்சம், மற்றது முக்கால் லட்சத்துக்கு அருகே; இறக்குமதி வரியும் கடைக்காரர் லாபமும் இதற்கு மேலே. வடிவம் ஒன்று, பெயரும் ஒன்று. மரம் வேறு, பிக்கப் செய்த இடம் வேறு, விரல்பலகையின் வளைவு கொஞ்சம் வேறு. மிகப் பெரிய வித்தியாசம் தொழிலாளியின் நாட்டுக் கூலியிலும், ஒவ்வொரு கிட்டார் மேலும் செலவிடும் நேரத்திலும் இருக்கிறது. விலை ஏறினால் வேலை நேர்த்தி ஏறும் என்பது உண்மைதான். ஆனால் விலை இரட்டிக்கும்போது நேர்த்தி இரட்டிப்பதில்லை. மிச்சப்பட்ட பணத்தில் நல்ல ஆம்ப் வாங்கி, ஃப்ரெட்டுகளைச் சீராக்கும் கைத்திறமையுள்ளவரிடம் ஒரு நாள் கிட்டாரை விட்டுவந்தால், கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தெருவில் கிரிக்கெட் ஆடிய தலைமுறை நாம். சச்சின் மட்டையில் இருந்த எம்.ஆர்.எஃப். ஸ்டிக்கரை நம் மட்டையிலும் ஒட்டிக்கொண்டோம். அது டயர் கம்பெனியின் விளம்பரம், மட்டையைச் செய்தவர் வேறு யாரோ என்று தெரிந்துதான் ஒட்டினோம். ரன் கூடவில்லை. ஆனால் அன்று மைதானத்துக்கு முதல் ஆளாய்ப் போனோம். பதினைந்து வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்தவரின் பெயர் இருக்கிறது என்பதற்காகவே தினமும் கிட்டாரைக் கையில் எடுக்குமானால், அந்தப் பெயருக்குக் கொடுத்த காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலையை 849 டாலர் பெயரும் செய்யும் என்று மட்டும் பெற்றோர் காதில் போட்டுவைக்கிறேன். பெயரின் வசியம் உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் தெரிந்ததுதான். நம்மில் எத்தனை பேர் முதலில் பிடித்தது கிவ்சன், எத்தனை பேர் ஹாப்னர்? அவற்றின் எழுத்துக்கூட்டை யாரும் தற்செயல் என்று நம்பியதில்லை.

கடைசியாக, காசுக்குத் தகுந்த சிக்னேச்சர் மாடல் என்றால் எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்ட வேண்டும். ஜப்பானிய ஐபனீஸ் கம்பெனி 1987-இல் ஸ்டீவ் வாய்க்காகச் செய்த ஜெம். 24 ஃப்ரெட், கடைசி ஃப்ரெட் வரை கை எட்ட ஆழமான வெட்டு, இரு முனையிலும் பூட்டிய ட்ரெமோலோ, அதை மேல்நோக்கி இழுக்கவும் உடலில் குடைந்த பள்ளம். தூக்கிப்போக உடலிலேயே ஒரு கைப்பிடி ஓட்டை வேறு. அது வெறும் குறும்பு. இதில் வாயின் யோசனை பாகத்துக்குப் பாகம் தெரிகிறது. குறும்பைக் கழித்துவிட்டு, பெயரையும் எடுத்துவிட்டு, அதே எலும்புக்கூட்டை ஐபனீஸ் ஆர்.ஜி. என்ற வரிசையாகக் குறைந்த விலைகளில் விற்றது. இன்றுவரை விற்கிறது. நம்மூர்க் கடைகளில் தொங்குவதில் பாதி அதன் பேரன் பேத்திகள்.

1990-இல் வாயின் பெயரிலேயே யுனிவர்ஸ் என்ற ஏழு தந்திக் கிட்டாரும் வந்தது. வழக்கமான ஆறுக்குக் கீழே இன்னொரு கனத்த தந்தி. பெரிதாக விற்கவில்லை. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த கார்ன் குழுவின் இரண்டு இளைஞர்கள் அதை எடுத்து, வாயைப் போல வேகமாக வாசிக்காமல், தந்திகளை இன்னும் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து உறுமும் ஒலிக்குப் பயன்படுத்தினார்கள். 1994-இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்த பிறகு ஏழு தந்தி என்பது ஒரு முழுத் தலைமுறையின் ராக் இசைக்கு அடித்தளமாகிவிட்டது. வாய் நினைத்தே பார்க்காத இசை. 2001-இல் ஐபனீஸ் அந்த இருவருக்கும் ஒரு சிக்னேச்சர் மாடல் போட்டது. கே7 என்று பெயர்.